கிளவுட் தளமா, சொந்த நிர்வாக சர்வரா? தரவு இருக்கும் இடத்திலிருந்து யோசியுங்கள்

வெப் ஆப்பை எழுதி முடித்ததும் வரும் கேள்வி இது: இதை எங்கே ஓட விடுவது? ஹெரோக்கு, ரெண்டர், கூகுள் ஆப் எஞ்சின் போல எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்ளும் கிளவுட் தளத்திலா, மாத வாடகைக்கு ஒரு லினக்ஸ் விபிஎஸ் (பெரிய கணினியில் பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்) எடுத்து நாமே நிர்வகிப்பதா? பேச்சு உடனே பணத்துக்குத் தாவிவிடும். அதே அளவு ரேமும் சிபியுவும் விபிஎஸ்ஸில் மலிவு, கிளவுட் தளத்தில் பல மடங்கு விலை என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அதில் ஆள் நேரம் எழுதப்படுவதில்லை. அந்த ஆள் நேரத்தில் பெரும்பகுதி டேட்டாபேஸைச் சுற்றியே கரைகிறது.

ஆப்பின் கோடு (நிரல்) கிட்டில், அதாவது அதன் மாற்றங்களையெல்லாம் சேமிக்கும் களஞ்சியத்தில், இருக்கிறது. சர்வரே எரிந்து போனாலும் வேறொரு சர்வரில் அதை ஏற்றிவிடலாம். கொஞ்சம் பழகியவருக்கு ஒரு மணி நேர வேலை. தரவு போனால் போனதுதான். அதனால் ஆப்பை எங்கே ஓட்டுவது, டேட்டாபேஸை எங்கே வைப்பது என்று கேள்வியை முதலிலேயே இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் ஒரே பதில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

கிளவுட் தளம் எடுத்துக்கொள்வதும் கேட்பதும்

ஹெரோக்கு 2007இலும் கூகுள் ஆப் எஞ்சின் 2008இலும் வந்தன. கோடை அனுப்பினால் போதும்; சர்வர், இயங்குதளம், சான்றிதழ், லாக், மறுதொடக்கம் எல்லாம் தளத்தின் பொறுப்பு என்ற பழக்கத்தை உண்டாக்கியவை இவைதான். இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வதற்குப் பதிலாகத் தளம் சில விதிகளைப் போடுகிறது. விதிகளைத் தெரியாமல் உள்ளே போகிறவர்கள்தான் ஆறே மாதத்தில் சலித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

முதல் விதி, டிஸ்க் தற்காலிகமானது. ஹெரோக்குவில் ஒவ்வொரு கன்டெய்னரும் (ஆப் ஓடும் தனிப் பெட்டி) நாளுக்கு ஒரு முறையாவது மறுதொடக்கம் ஆகும். பயனர் பதிவேற்றிய படத்தை ஆப்பின் ஃபோல்டரிலேயே சேமித்திருந்தால், மறுநாள் அது இருக்காது. சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். மறுநாள் காலை படங்கள் மட்டும் காணாமல் போயிருக்கும். படங்களை எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (சர்வருக்கு வெளியே கோப்புகளை வைக்கும் சேவை) அனுப்புவதே சரி. விபிஎஸ்ஸில் இருந்தாலும் இதையே செய்வது நல்லது. பிற்பாடு இடம் மாறும்போது பெரிய தலைவலி ஒன்று குறையும்.

இரண்டாவது, நேர வரம்பு. கோரிக்கைகளை ஆப்புக்கு அனுப்பும் ஹெரோக்குவின் ரவுட்டர், 30 விநாடிக்குள் பதிலின் முதல் பைட் வராவிட்டால் எச்12 என்ற பிழையோடு இணைப்பை வெட்டிவிடும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ரவுட்டர் வெட்டினாலும் ஆப் உள்ளே அந்த வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். பயனர் பிழையைப் பார்த்து மறுபடி அழுத்துவார். அதே அறிக்கை இரண்டாவது முறையும் தயாராகத் தொடங்கும், அல்லது அதே ஆர்டர் இரண்டு முறை பதிவாகும். 30 விநாடியைத் தொடக்கூடிய எந்த வேலையையும் பின்னணி வொர்க்கருக்குத் தள்ள வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் ஒதுக்கிவிடவும் வேண்டும்.

மூன்றாவது, ரேம். அடிப்படைத் திட்டங்களில் 512 எம்பிதான் கிடைக்கும். ஒரு பைத்தான் அல்லது ரூபி ப்ராசஸ் வேலை செய்யும்போது சுமார் 150 எம்பி பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று ப்ராசஸுக்கே 450 எம்பி. தாய் ப்ராசஸையும் சேர்த்தால் விளிம்பில் நிற்கிறோம். பெரிய எக்செல் கோப்பு ஒன்றை யாராவது ஏற்றினால் வரம்பு தாண்டும், லாகில் ஆர்14 என்ற ரேம் பிழை வரும், ரேமுக்குப் பதில் டிஸ்க்கைப் பயன்படுத்தும் ஸ்வாப்புக்குப் போய் ஆப் ஊர்ந்து நகரும். உடனே பெரிய திட்டத்துக்கு மாறத் தோன்றும். அதற்கு முன்னால் ப்ராசஸ் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்து ஒரு நாள் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

தளம் பார்த்துக்கொள்ளாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பரில் லாக் எழுதும் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் பெரிய ஓட்டை வெளியானபோது, அந்த நூலகம் அவரவர் ஆப்புக்குள் இருந்தது. எந்தத் தளத்தில் ஓடினாலும் ஆப்பின் உரிமையாளர்தான் புதிய பதிப்பைப் போட்டு மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. இயங்குதளமும் அதற்குக் கீழே உள்ளதும் தளத்தின் பொறுப்பு; ஆப்பும் அது இழுத்து வரும் நூலகங்களும் எப்போதும் உங்கள் பொறுப்பு.

சர்வரை நாமே பார்த்துக்கொள்வது என்றால்

முதல் நாள் வேலை சிறியது. ரூட் பயனராக உள்நுழைவதை நிறுத்துவது, பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்ஹெச் சாவி, ஃபயர்வாலில் 22, 80, 443 போர்ட்கள் தவிர எல்லாம் மூடல், முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ் அல்லது கேடி, லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியில் ஆப்பை சர்வீஸாக ஓட்டுவது, எச்டிடிபிஎஸ்ஸுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ். ஒரு பிற்பகலில் முடியும். இந்தப் பிற்பகலைப் பார்த்துத்தான் பலரும் 'இவ்வளவுதானா!' என்று முடிவெடுக்கிறார்கள். கஷ்டம் முதல் நாளில் இல்லை. 90ஆம் நாளில் இருக்கிறது.

90 என்பது சும்மா சொன்ன எண் இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாள். அதை வாங்கித் தரும் செர்ட்பாட் கருவி தானாகவே புதுப்பிக்கும்தான். ஆனால் இடையில் யாராவது ஃபயர்வாலை 'இறுக்கி' 80ஆம் போர்ட்டை மூடியிருந்தால், எச்டிடிபி வழிச் சரிபார்ப்பு தோற்றுப்போகும், சத்தமே இருக்காது. இன்னொரு வகை: சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டுவிடும், ஆனால் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்ய யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அது நினைவில் வைத்திருக்கும் பழைய சான்றிதழையே கொடுத்துக்கொண்டிருக்கும். காலாவதி நெருங்குகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் முன்பு மின்னஞ்சல் அனுப்பும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது காலாவதித் தேதியை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லும் கண்காணிப்பை நீங்களே வைத்தாக வேண்டும்.

பாதுகாப்பு அப்டேட்டிலும் இதே கதை. உபுண்டு லினக்ஸில் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற தானியங்கி அப்டேட் கருவி புதிய கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிறுவி வைக்கும். தானாக ரீபூட் செய்யாது. மாதக்கணக்கில் ரீபூட் ஆகாத சர்வரில் புதிய கெர்னல் டிஸ்க்கில் தூங்க, பழைய ஓட்டைக் கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும். 'ஒரு வருடமாக ரீபூட்டே ஆகவில்லை' என்பது பெருமைப்படும் விஷயம் கிடையாது. ரீபூட் செய்தால் எல்லாம் தானாக எழுந்திருக்குமா என்பதும் செய்து பார்த்தால்தான் தெரியும். மாதம் ஒரு முறை, ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், வேண்டுமென்றே ரீபூட் செய்யுங்கள்.

ஆப்களைக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் போர்ட்டான 5432ஐ மூடியிருப்பீர்கள். போஸ்ட்கிரெஸ் கன்டெய்னரின் அமைப்பில் 5432:5432 என்று போர்ட்டைத் திறந்திருப்பீர்கள். லினக்ஸின் ஃபயர்வால் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் டாக்கர் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் பாக்கெட் கன்டெய்னருக்குத் திருப்பிவிடப்படுவதால், யுஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் வாசலுக்கு அது வருவதே இல்லை. ஃபயர்வாலின் நிலையைக் கேட்டால் எல்லாம் மூடியிருப்பதாகச் சொல்லும். டேட்டாபேஸோ உலகத்துக்கே திறந்து கிடக்கும். 127.0.0.1:5432:5432 என்று எழுதினால் சர்வருக்குள் மட்டும் திறக்கும். ஆப்பும் அதே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் போர்ட்டைத் திறக்கவே தேவையில்லை. எப்படி எழுதினாலும், வேறொரு கணினியிலிருந்து திறந்த போர்ட்களைத் தேடும் என்மேப் கொண்டு சர்வரை ஒரு முறை தட்டிப் பாருங்கள். 2017 ஜனவரியில் ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த டேட்டாபேஸ்கள் அவை.

டிஸ்க் நிரம்பும் இரவு

சொந்த சர்வரில் ஆப் விழுவதற்கு ஹேக்கர்களைவிட அடிக்கடி காரணமாவது டிஸ்க் நிரம்புவதுதான். டாக்கரின் இயல்பான லாக் முறைக்கு அளவு வரம்பே கிடையாது. நாமாகப் போடாவிட்டால் ஒரே கோப்பு பல ஜிபிக்கு வளரும். அது எளிதான வகை. கடினமான வகையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் வால் (WAL) எனப்படும் பதிவில் எழுதுகிறது. பதிவு 16 எம்பி துண்டுகளாகச் சேரும். நல்ல பேக்கப் ஏற்பாட்டில், ஒவ்வொரு துண்டும் நிரம்பியதும் வெளியே ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு நகலெடுக்கப்படும். நகல் போய்ச் சேர்ந்தது என்று உறுதியாகும்வரை போஸ்ட்கிரெஸ் அந்தத் துண்டை அழிக்காது. இப்போது யாரோ பாதுகாப்புக்காக ஸ்டோரேஜின் அணுகல் சாவியை மாற்றிவிட்டு, இந்த சர்வரில் புதிய சாவியைப் போட மறந்துவிட்டார்கள். நகல் தோற்கிறது. போஸ்ட்கிரெஸ் மறுபடி முயல்கிறது, மறுபடி தோற்கிறது, துண்டுகள் சேர்கின்றன. நிமிடத்துக்கு ஒரு துண்டு என்றால் நாளுக்கு 1,440 துண்டு, ஏறத்தாழ 23 ஜிபி. 40 ஜிபி காலியாக இருந்தாலும் இரண்டு நாள் தாங்காது. எழுத இடமில்லாமல் போனதும் போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும்.

இந்த இடத்தில் ஒரு தவறு நடக்கும். தேடிப் பார்ப்பவர் பெரிதாக இருப்பது வால் ஃபோல்டர் என்று கண்டுபிடித்து, 'லாக்தானே' என்று அதிலுள்ள கோப்புகளைக் கையால் அழித்துவிடுவார். அது லாக் இல்லை; டேட்டாபேஸ் மறுபடி எழுந்திருக்கத் தேவையான பதிவு. அழித்துவிட்டால் எழாமலே போகலாம். செய்ய வேண்டியது வேறு: டிஸ்க்கைப் பெரிதாக்குங்கள், அல்லது வேறு கோப்புகளை அகற்றி இடம் உண்டாக்குங்கள். போஸ்ட்கிரெஸை எழுப்புங்கள். சாவியைச் சரிசெய்யுங்கள். தேங்கிய துண்டுகள் வெளியே போய்ச் சேர்ந்ததும், அடுத்த செக்பாயிண்ட்டில் (மாற்றங்களை டிஸ்க்கில் உறுதிசெய்யும் தருணம்) அதுவே சுத்தம் செய்துகொள்ளும். இப்படிப்பட்ட இரவுக்காகவே 1 ஜிபி அளவில் ஒரு வெற்றுக் கோப்பை டேட்டாபேஸ் டிஸ்க்கில் போட்டு வைப்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு அதை அழித்தால் மூச்சு விட இடம் கிடைக்கும்.

கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்டும் (நகல் சர்வர் பதிவை எதுவரை படித்தது என்ற குறிப்பு) இதே வேலையைச் செய்யும். ஒரு காலத்தில் நகல் சர்வர் இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள், ஸ்லாட்டை எடுக்கவில்லை. வராத அந்த நகலுக்காக போஸ்ட்கிரெஸ் பதிவுகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு வரம்பு போட வழி உண்டு, ஆனால் இயல்பு நிலையில் வரம்பு இல்லை.

டேட்டாபேஸை ஒப்படைத்தால் கிடைப்பது

நிர்வகிக்கப்படும் டேட்டாபேஸ் சேவைக்குக் கொடுக்கும் பணம் இந்த இரவுகளுக்கான பணம். அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவை ஆர்டிஎஸ்ஸில் தானியங்கி பேக்கப்பை 35 நாள்வரை வைத்துக்கொள்ளலாம். அதற்குள் எந்த நிமிடத்துக்கும் திரும்பலாம், கடைசி ஐந்து நிமிடம் போலத்தான் விட்டுப்போகும். இதே வசதியைச் சொந்த சர்வரில் பிஜிபேக்ரெஸ்ட் என்ற பேக்கப் கருவி கொண்டு உருவாக்க முடியும். உருவாக்குவதைவிட, அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

கோடு சேமிக்கும் சேவையான கிட்லேபின் 2017 ஜனவரி 31 நிகழ்வு இதற்கு நல்ல பாடம். நடந்ததை அவர்களே ஒளிவு மறைவில்லாமல் எழுதி வெளியிட்டார்கள். நகல் சர்வரில் அழிக்க வேண்டிய தரவு ஃபோல்டரை ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினார்கள். டேட்டாபேஸைக் கோப்பாக எடுத்துத் தரும் பிஜிடம்ப் வழியான தினசரி பேக்கப் வெகு நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது: டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்க ஓடியதோ 9.2. பேக்கப் தோற்றால் மின்னஞ்சல் வரும் ஏற்பாடு இருந்தது; அந்த மின்னஞ்சல்கள் டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பில் தோற்று, பெறும் இடத்திலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. கடைசியில் காப்பாற்றியது, சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டிஸ்க்கின் நகல்). அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். திறமையான பெரிய குழுவுக்கே இப்படி நடந்தது என்பதை இரண்டு பேர் உள்ள குழு யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒப்படைத்துவிட்டால் கவலையே இல்லை என்றும் நினைக்கக் கூடாது. சூப்பர்யூசர் (முழு நிர்வாகி) உரிமை கிடைக்காது. தளம் அனுமதிக்கும் எக்ஸ்டென்ஷன்களை (கூடுதல் வசதிகள்) மட்டுமே போட முடியும். ஆர்டிஎஸ்ஸில் பழைய நிமிடத்துக்குத் திரும்பினால் அது இருக்கும் டேட்டாபேஸை மாற்றாது, புதிய முகவரியோடு புதிய டேட்டாபேஸைத்தான் எழுப்பும். ஆப்பின் அமைப்பில் முகவரியை மாற்றும் வேலை உங்களுடையது. டேட்டாபேஸையே நீக்கும்போது பேக்கப்பை வைத்துக்கொள் என்று தேர்ந்தெடுக்காவிட்டால், தானியங்கி பேக்கப்புகளும் கூடவே போகும். அதனால் வாரம் ஒரு பிஜிடம்பாவது வேறொரு நிறுவனத்தின் ஸ்டோரேஜில், வேறொரு கணக்கில் இருக்கட்டும். 2021 மார்ச் 10இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயிற்று.

எங்கே வைத்தாலும் ஒரு கணக்கைப் போட்டு வையுங்கள். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளை அனுமதிக்கும். அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியவை. ஆப் மூன்று கன்டெய்னரில், ஒவ்வொன்றிலும் நான்கு ப்ராசஸ், ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஐந்து இணைப்பு என்றால் மொத்தம் 60. வசதியாகத்தான் தெரிகிறது. புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய கன்டெய்னர்களும் புதியவையும் சில நிமிடம் சேர்ந்தே ஓடும், அப்போது 120. ஏற்றும் நேரத்தில் மட்டும் வந்து மறையும் பிழைகளுக்குப் பல இடங்களில் இதுதான் காரணம். கோடில் தவறு தேடி நாள்கள் போகும். நடுவில், இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்ஸர் வைத்தால் தீரும். ட்ராஃபிக் கூடினால் கன்டெய்னர் தானாகக் கூடும் வசதியைப் போடுகிறவர்களும் இந்தப் பெருக்கலை மறக்கக் கூடாது. ஆப் விரிகிறது, டேட்டாபேஸ் விரிவதில்லை.

பில்லின் வடிவம்

கிளவுட் தளத்தில் வெப் ப்ராசஸுக்கு ஒரு விலை, பின்னணி வொர்க்கருக்கு ஒரு விலை, ரெடிஸுக்கு (ரேமில் தரவு வைக்கும் சேவை) ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று, சோதனைப் பிரதிக்கு மறுபடி எல்லாம் ஒரு சுற்று. விபிஎஸ்ஸில் இவை அனைத்தும் ஒரே ரேமைப் பகிர்ந்துகொள்ளும். பல மடங்கு வித்தியாசம் வருவது இங்கேதான். சின்னச் சின்ன ஆப்கள் பத்து வைத்திருப்பவருக்கு விபிஎஸ் நிச்சயம் லாபம்; ஒரே ஒரு ஆப் வைத்திருக்கும் சிறு குழுவுக்கு மாதத்தில் சில மணி நேர வேலை மிச்சமானாலே தளத்தின் விலை ஈடாகிவிடும். பெரிய கிளவுட்களில் உள்ளே வரும் தரவு இலவசம், வெளியே போகும் தரவுக்கு ஜிபி கணக்கில் கட்டணம். வீடியோ, பெரிய கோப்பு பரிமாறும் ஆப் என்றால் இந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். விபிஎஸ் வாடகைத் திட்டங்களில் பொதுவாகக் கணிசமான டேட்டா சேர்ந்தே வரும்.

பேஸ்கேம்ப் மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022 அக்டோபரில் கிளவுடை விட்டு வெளியேறுவதாக அறிவித்ததை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அவர்களிடம் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் குழு முன்பிருந்தே இருந்தது; சொந்த வன்பொருளை வாங்கி டேட்டா சென்டரில் வைத்தார்கள். அந்தக் குழு இல்லாதவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் அந்த முயற்சியில் பிறந்த கமால் என்ற கருவி எல்லோருக்கும் பயன்படுகிறது: வெறும் விபிஎஸ்ஸில், ஆப் நிற்காமல் புதிய பதிப்பை ஏற்றித் தரும். டோக்கு, கூலிஃபை ஆகியவையும் இந்த வகைதான்.

ஆப் எவ்வளவு நேரம் விழலாம் என்பதையும் எண்ணில் பாருங்கள். 99.9 சதவீத நேரம் ஓட வேண்டும் என்றால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் விழ இடமுண்டு. ஒற்றை விபிஎஸ்ஸும் இதை எட்டும். மாத ரீபூட்டுக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் அதிகாலை 3 மணிக்கு விழுந்ததை 8 மணிக்குத்தான் பார்க்கிறீர்கள் என்றால் 300 நிமிடம், அந்த மாதம் 99.3 சதவீதம். எனவே 3 மணிக்கு எழுப்ப ஆள் உண்டா, எழுந்தவருக்குச் செய்யத் தெரியுமா என்று கேளுங்கள்.

பெரும்பாலான சிறு குழுக்களுக்குச் சரிப்படுவது நடுவழி: டேட்டாபேஸை நிர்வகிக்கப்படும் சேவையில் வையுங்கள், ஆப்பை அதே டேட்டா சென்டர் வட்டாரத்தில் ஒன்றிரண்டு விபிஎஸ்ஸில் கமாலோ டோக்குவோ கொண்டு ஓட்டுங்கள். இரண்டும் ஒரே வட்டாரத்தில் இருப்பது முக்கியம். ஒரு பக்கத்துக்கு 40 முறை டேட்டாபேஸைக் கேட்கும் ஆப்பில், ஒவ்வொரு கேள்விக்கும் 20 மில்லிவிநாடி பயணம் கூடினால் பக்கம் 0.8 விநாடி தாமதமாகும். லினக்ஸ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத குழு, ஆப்பையும் தளத்திலேயே விட்டுவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. தரவைக் குறிப்பிட்ட இடத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடு உள்ளவர்களும், சிறப்பு எக்ஸ்டென்ஷன் வேண்டியவர்களும்தான் டேட்டாபேஸையும் சொந்தமாக நடத்த வேண்டியிருக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வெளியேறும் வழி திறந்திருக்க வேண்டும். ஹெரோக்கு 2022 நவம்பர் 28இல் இலவசத் திட்டங்களை நிறுத்தியபோது, டாக்கர் கோப்பு வைத்திருந்து, அமைப்புகளைக் கோடுக்கு வெளியே என்விரான்மெண்ட் மாறிகளில் வைத்து, வெறும் போஸ்ட்கிரெஸ்ஸைப் பயன்படுத்தியவர்களுக்கு மாறுவது எளிதாக இருந்தது. ஒரு தளத்தின் தனி க்யூ சேவையிலும் (பின்னணி வேலைகளை வரிசையில் நிறுத்துவது) தனி டேட்டாபேஸிலும் ஆப்பை இறுக்கிக் கட்டியவர்களுக்கு, மாறுவது என்றால் பாதி ஆப்பை மறுபடி எழுதுவது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். வெளியே இருக்கும் பேக்கப்பை ஒரு புதிய காலி சர்வரில், உண்மையான சர்வரைத் தொடாமல் மீட்டெடுங்கள். தொடங்கியதிலிருந்து ஆப் அதோடு பேசும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரிய டேபிள்களில் வரிசை எண்ணிக்கையை உண்மையான டேட்டாபேஸோடு ஒப்பிடுங்கள். கடைசியாக, ஆர்டர் டேபிளில் மிகச் சமீபத்திய வரிசையின் தேதியைப் பாருங்கள். நேற்றிரவுத் தேதி இருந்தால் ஏற்பாடு ஓடுகிறது. போன மாதத் தேதி இருந்தால், பேக்கப் என்றைக்கு நின்றது என்பது இப்போது தெரிந்துவிட்டது. அன்றைய லாகிலிருந்து தேடத் தொடங்குங்கள்.